இடக்கை வீணை

கடையில் உள்ள பொருளை வாங்குவது எளிது. கண்ணாற் காண்கிறோம், கையால் தொட்டுப் பார்க்கிறோம், விலை ஒவ்வாவிடின் அடுத்த கடைக்குப் போகிறோம். செய்வித்து வாங்குவது அத்தகையதன்று. இன்னும் பிறவாத ஒன்றுக்கு இன்றைக்கே பணம் கொடுக்கிறோம். நம் நெஞ்சிலுள்ள உருவத்தைச் சொல்லில் வைத்து, முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். வீடு கட்டியோரும் தாலி செய்வித்தோரும் இதனை அறிவர். நாம் இதனை ஒரு வீணையால் அறிந்தோம்.

எம் மகளுக்கு ஒன்பது வயதாய் இருந்தபோது, வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் மாடி வீட்டில், கடற்காற்றுக்கு ஒரு கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அவளுடைய இடக்கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் அதனிடையே அகப்பட்டன. அந்தக் கதவுக்கு ஒரு கொளுக்கி போடும்படி எம் மனைவி மூன்று மாதமாய்ச் சொல்லி வந்திருந்தார். விரல்கள் பிழைத்தன, ஆயின் நுனி மூட்டுகள் மடங்கும் ஆற்றலை இழந்தன. எழுதுவது வலக்கையாதலின் படிப்புக்கு ஊறு நேரவில்லை. மூன்றாண்டுகளின் பின் அவள் வீணை பயில வேண்டும் என்று கேட்டபோதுதான், அந்தக் கதவின் ஓசை எமக்கு மீண்டும் கேட்டது.

வீணையில் வலக்கை மீட்டும். இடக்கை மெட்டின்மேல் தந்தியை அழுத்தும், இழுக்கும். அந்த இழுப்பிலேதான் கமகம் பிறக்கிறது. அதற்கு முதன்மையாக வேண்டுவன இடக்கைச் சுட்டுவிரலும் நடுவிரலுமே. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிற்றார் கலைஞர் 1928-ல் தமது வண்டி வீட்டில் பற்றிய தீயில் இடக்கை வெந்து, பின்னர் இரண்டு விரல்களைக் கொண்டே உலகப் புகழ் பெற்றார். மகளைத் தேற்றும் பொருட்டு அந்தக் கதையைச் சொன்னோம். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அவருக்கு மிஞ்சின விரல் எதெது, அப்பா?" என்றாள். சுட்டுவிரலும் நடுவிரலும்! மேலே பேச நாவெழவில்லை.

நாம் அணுகிய ஆசிரியர் இருவர் மறுத்தனர். வாய்ப்பாட்டே போதும் என்றார் ஒருவர். கலைமகள் திருக்கையில் வீணை எவ்வாறு அமைந்துள்ளதோ அவ்வாறே பயிலல் வேண்டும் என்றார் மற்றவர். மூன்றாமவர் கொட்டாஞ்சேனையில் வாழும் முதிய அம்மையார். அவர் பிள்ளையின் இரு கைகளையும் தம் மடியில் வைத்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார். "அழுத்த ஏலாத விரல் மீட்ட ஏலும், மாஸ்டர். கைகளை மாற்றிப் பிடிப்பம். ஆனால், மாற்றிப் பிடிக்க வீணை வேணுமே!" என்றார்.

வீணையைத் திருப்பி வைத்துக்கொண்டால் ஆகாதா என்று வாசகர் கேட்கக்கூடும். யாமும் கேட்டோம். கிற்றார் என்றால் ஓரளவுக்கு ஆகும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கையாளருக்கான கிற்றாரைத் திருப்பிப் பிடித்து, தந்திகளை வரிசை மாற்றிக் கட்டி வாசித்தார். பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஹொஃப்னர் பேஸ் கிற்றார் ஒன்றை வாங்கினார். அது இடக்கையாளருக்கென அமைந்தது. வயலின் உருவில் இருபுறமும் ஒத்திருந்தமையால், மாற்றிப் பிடித்தாலும் விகாரமாய்த் தோன்றவில்லை என்பது அதை விரும்பியதற்கு அவர் கூறிய காரணம். 1972-ல் களவு போன அக்கருவி அவரிடம் திரும்பி வந்தது பற்றி 2024-ல் வெளியான செய்தியைப் பலர் படித்திருப்பர்.

வீணையின் அமைப்போ வேறு. மெட்டுகளின் மேலே நான்கு தந்திகள் செல்லும். தண்டியின் பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள் செல்லும். மீட்டும் கையின் சிறுவிரல் தாளத் தந்திகளைத் தட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். அவற்றின் பிரடைகள் தண்டியின் ஒரு பக்கத்திலேதான் துளையிட்டுப் பொருத்தப்படும். குதிரையை ஒட்டிய வளைந்த பித்தளைத் தகடும் அப்பக்கமே இருக்கும். வீணையைத் திருப்பினால் இவையனைத்தும் எட்டாத பக்கம் போய்விடும். ஆகவே இடக்கை வீணை இடக்கை வீணையாகவே பிறத்தல் வேண்டும்.

எவரும் கண்டிராத கருவியைச் செய்விப்பது தமிழருக்குப் புதிதன்று என்று எமக்கு நாமே தைரியம் சொல்லிக்கொண்டோம். காரைதீவில் பிறந்து இராமகிருஷ்ண மிஷனில் துறவு பூண்ட விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து கணக்கிட்டு மீட்டவர். தாம் கண்ட யாழ்களைச் செய்வித்தும் பார்த்தவர். அவருடைய யாழ் நூல் 1947-ல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. பல நூற்றாண்டுகளாக யாரும் கேளாத ஒன்றுக்கு அடிகள் உருக் கொடுக்கலாம் எனின், உள்ள வீணையைப் பக்கம் மாற்றுவது பெரிதா என எண்ணினோம். அவர் கணிதம் வல்லவர் என்பதை அப்போது மறந்துவிட்டோம்.

2021 நவம்பரில் தஞ்சாவூரிலுள்ள ஒரு கைவினைஞரிடம் வேலையை ஒப்புவித்தோம். சென்னையில் வாழும் எம் மைத்துனர் நேரிற் சென்று பேசினார். தஞ்சை வீணை பலாமரத்தில் ஆவது. பண்ருட்டிப் பலா அதற்குப் பேர்போனது. குடமும் தண்டியும் முகப்பும் ஒரே மரத்தில் குடையப்பட்டால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. இருபத்துநான்கு மெட்டுகள் அமைந்த இன்றைய வடிவம் பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தது என்பது மரபு. ஏகாண்டத்துக்கு எம் சம்பளம் இடங்கொடாது. ஒட்டு வீணைக்கு இந்திய ரூபாய் 48,000 எனப் பேசி, பாதியை முற்பணமாய்க் கொடுத்தோம். எம் பணத்தில் அது ஏறத்தாழ 65,000 ரூபாய்.

கொட்டாஞ்சேனை அம்மையார் மூன்று எச்சரிக்கை தந்தார். மரம் நன்றாய் உலர்ந்திராவிடின் பின்னர் வளையும்; ஆதலால் அவசரப்படுத்தக்கூடாது. செய்பவர் தம் வாழ்நாளில் நூறு வீணை செய்திருப்பினும் இதனை முதன்முறையாகச் செய்கிறார். ஆதலால் ஒவ்வொரு படியிலும் கேட்டறிதல் வேண்டும். மூன்றாவது, நாம் எதிர்பாராதது: "பிள்ளை நாளைக்குப் படிப்பை விட்டாலும், இந்த வீணையை வாங்க ஆள் வராது, மாஸ்டர். யோசிச்சுச் செய்யுங்கோ."

இரண்டாவது எச்சரிக்கை முதலில் பலித்தது. அளவுகளையும் குறிப்புகளையும் நாமே எழுதி அனுப்பியிருந்தோம். இருபது ஆண்டாக மாணவர்க்குத் தமிழ் கற்பிப்பவர், பொருள் மயக்கமின்றி எழுதுக என்று சிவப்பு மையால் எத்தனையோ தாள்களில் குறித்தவர் எழுதிய குறிப்பன்றோ! 'தாளத் தந்திகள் இடப்புறம் அமைதல் வேண்டும்' என்று எழுதினோம். யாழி முகப்பிலிருந்து குடத்தை நோக்கினால் எது இடமோ, அதனையே கருதினோம். கைவினைஞரோ குடத்தைத் தம் பக்கம் வைத்து வேலை செய்பவர். அங்கிருந்து நோக்கினால் எல்லா வீணையிலும் தாளத் தந்தி இடப்புறமே! 2022 பெப்ரவரியில் அவர் அனுப்பிய படத்தில், பிரடைகளுக்கான மூன்று துளைகளும் வழக்கமான பக்கத்திலேயே இருந்தன. தொலைபேசியில் பேசினோம். "இடதுன்னு நீங்கதானே ஐயா எழுதினீங்க?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அதுவே எம்மை மேலும் நாணச் செய்தது. பிழை எமது. துளைகளைப் பலாக்கட்டையால் அடைத்து மறுபக்கம் துளையிட ஒப்புக்கொண்டார். அதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை.

அடுத்து வந்தது எவரும் எச்சரியாதது. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் சரிந்தது. இருநூறு ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் முந்நூற்று அறுபதாயிற்று. மூன்று ரூபாய்க்கும் குறைவாய் இருந்த இந்திய ரூபாய் நான்கரையைத் தொட்டது. மின்சாரம் இல்லா இரவுகளும், எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நின்ற வரிசைகளும் வாசகர்க்கு நினைவிருக்கும். நாம் கொடுக்கவேண்டிய மீதிப் பாதி, முதற் பாதியைப் போல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகி, 110,000 ரூபாயை நெருங்கி நின்றது. பால்மாவுக்கு அலையும் வீட்டில் வீணையா? முற்பணம் போனாற் போகட்டும் என்று ஓர் இரவு மெழுகுவர்த்தி ஒளியில் முடிவு செய்தோம்.

மறுநாள் கைவினைஞரை அழைத்து நிலைமையைச் சொன்னோம். அவர் எம்மை வற்புறுத்தவில்லை. "முடியலேன்னா விடுங்க ஐயா. குடத்தை வேற ஒண்ணுக்கு மாத்திக்குவேன். தண்டிதான் வீணாப் போகும். ஆறு துளை போட்டாச்சே!" என்றார்.

அன்று முழுவதும் அந்த ஆறு துளைகள் எம் மனத்தை விட்டு அகலவில்லை. செய்விப்பவருக்கே இடர் என்று அதுவரை நம்பியிருந்தோம். பணம் கொடுத்தோம், காத்திருந்தோம், பிழை நேருமோ என்று அஞ்சினோம். ஆயின் உலகில் ஒரே ஒரு பிள்ளைக்கன்றி வேறு எவருக்கும் பயன்படாத ஒரு தண்டியை, யாரென்றே அறியாத எம் சொல்லை நம்பி, ஒருவர் மாதக்கணக்காய்ச் செதுக்கியிருந்தார். அம்மையார் சொன்ன மூன்றாவது எச்சரிக்கை எமக்கு மட்டும் உரியதன்று. அது அவருக்கும் உரியது. முற்பணம் என்பது அவ்விடரைச் சற்றே குறைக்கும் ஓர் ஏற்பாடு, அவ்வளவே.

மாலையில் மனைவியிடம் இதனைச் சொன்னோம். அவர் பதில் கூறாது உள்ளே சென்று, காப்பு ஒன்றைக் கொணர்ந்து மேசைமேல் வைத்தார். ரூபாய் விழுந்தபோது பொன்னின் விலை ஏறியிருந்தது. ஆதலின் அடகுக் கடையில் எதிர்பார்த்ததிலும் கூடவே கிடைத்தது. "கொளுக்கி போட்டிருந்தால் இந்தச் செலவு இல்லை" என்று மட்டும் சொன்னார். அது உண்மையாதலால் நாம் மறுக்கவில்லை.

2023 சனவரியில் மைத்துனர் வீணையோடு கட்டுநாயக்காவில் வந்திறங்கினார். உறையை அவிழ்த்தபோது மற்றோர் இடர் வெளிப்பட்டது. வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்படுபவை. பயண வெம்மையில் மெழுகு இளகி நாலைந்து மெட்டுகள் நகர்ந்திருந்தன. கொட்டாஞ்சேனையில் வாத்தியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இரண்டு நாள் இருந்து மேளம் கட்டித் தந்தார். ஒரு தானத்துக்குப் பன்னிரண்டாய் இரண்டு தானத்துக்கும் இருபத்துநான்கு மெட்டுகளையும் செவியாலேயே அளந்து, மெழுகைச் சூடாக்கி நிறுத்தினார். இடக்கை வீணை உங்களுக்குச் சிரமமில்லையா என்று கேட்டோம். "சுரத்துக்கு இடம் வலம் தெரியாது, மாஸ்டர்" என்றுவிட்டுத் தம் வேலையிற் குனிந்துகொண்டார்.

குறைகள் இல்லையென்று சொல்லமாட்டோம். கடலோர ஈரத்தில் தந்திகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. தண்டியின் ஒரு பக்கத்தில் அடைத்த துளைகள் மூன்றும் வட்ட வடுக்களாய் நிற்கின்றன. அவற்றை மறைக்க மெருகு பூசலாம் என்றோம். "வேண்டாம் அப்பா, இருக்கட்டும்" என்றாள் மகள். சுருதி சேர்க்கும்போது அவற்றைத் தடவிப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. மடங்காத இரு விரல்களும் இப்போது மீட்டுகின்றன. வலக்கை அழுத்தி இழுக்கிறது. பதினாறு வயதில் அவள் பெரிய வித்துவாட்டியாகிவிடவில்லை. ஒரு கீர்த்தனையைப் பிழையின்றி முடிக்கிறாள். பிழை நேர்ந்தால் மீண்டும் தொடங்குகிறாள்.

சென்ற நவராத்திரியில் வீட்டுக் கொலுவின்முன் அமர்ந்து அவள் வாசித்தாள். வந்திருந்த அயல்வீட்டுச் சிறுமி, "அக்கா ஏன் வீணையை மாறிப் பிடிக்கிறா?" என்று கேட்டாள். நாம் விடை தேடிப் பார்த்தோம். சுவரில் எம்மை நோக்கியிருந்தது கலைமகளின் படம். படத்தை நோக்கியிருந்தாள் மகள். படத்திலுள்ள வீணையின் குடமும் மகளுடைய வீணையின் குடமும் ஒரே பக்கத்தில் இருந்தன. யாழி முகம் இரண்டும் சன்னற்பக்கம் பார்த்திருந்தன. எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதை முன்னரே தெளிவாய் எழுதியிருந்தால் மூன்று துளைகள் மிஞ்சியிருக்கும் என்று அப்போதும் தோன்றிற்று. சிறுமிக்குப் படத்தைச் சுட்டிக் காட்டினோம். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓ, சரியாத்தான் பிடிக்கிறா" என்றாள்.