மரக்குடிசை ஹீரோவின் செங்கல் மாளிகை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், வாபாஷ் ஆற்றோரம் வின்சென்ஸ் ஊர். அங்கே 'க்ரவுஸ்லேண்ட்'னு கம்பீரமான செங்கல் மாளிகை, இப்போ மியூசியம். கவர்னரா இருந்தப்போ வில்லியம் ஹென்றி ஹாரிசன் கட்டிக்கிட்ட வீடு. ஆனா, 1840 அதிபர் தேர்தல்ல விக் கட்சி அவரை எப்படிக் காட்டுச்சு தெரியுமா? 'மரக்குடிசைக்காரர்!' ஊர் ஊரா குடிசை செட், இலவச ஆப்பிள் கள் வேற. கொள்கை அறிக்கை? வெளியிடவே இல்லை! 1811 டிப்பக்கனூ சண்டை ஹீரோங்கிற பெயரே போதுமா இருந்துச்சு. ஜெயிச்சார், பதவியேற்ற ஒரே மாசத்துல இறந்தார்.

மாளிகையைவிட அதன் தோட்டம்தான் நம்மை நிறுத்துது. ஷானி இனத் தலைவர் டெகும்சே 1810-ல் இங்கேதான் வந்து, எங்க நிலத்தை வாங்கின ஒப்பந்தம் செல்லாதுன்னு ஹாரிசன்கிட்ட நேருக்கு நேர் வாதாடினார். அடுத்த வருஷம், அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் நடந்ததுதான் அந்த டிப்பக்கனூ சண்டை. முடிஞ்சதும் அவர் மக்களோட கிராமத்தை ஹாரிசன் படை கொளுத்தியது.