தடைக்காலத்துப் பட்டறை

எங்களுக்குக் கோடை விடுமுறையும் கடலுக்கு மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாகவே வரும். ஏப்ரல் 15 பிறந்தால் ராமேசுவரத்து விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கட்டப்பட்டுவிடும். 2001இல் தொடங்கியபோது அந்தத் தடை 45 நாள். 2017இலிருந்துதான் 61 நாளானது. கடலுக்குப் போகிறவர்கள் வருமானமில்லாமல் தவிக்கும் அந்த நாள்களில்தான் அப்பாவின் பட்டறையில் வேலை குவியும். லாஞ்சுகளிலிருந்து கழற்றிய பாகங்கள் வேப்பமரத்தடி வரைக்கும் பரவிக் கிடக்கும். டீசலும் காய்ந்த உப்பும் கருகிய ரப்பரும் கலந்த ஒரு வாடை வீட்டுக்குள் சோற்றுத் தட்டு வரை வரும்.

எனக்கென்று ஒதுக்கியிருந்த வேலை கடல்தண்ணி பம்பு. இன்ஜினில் உள்ளவற்றில் ஒரு சிறுவனால் தூக்கி மடியில் வைத்துக் கழுவக்கூடிய பாகம் அது.

எங்களிடம் வந்தவை பெரும்பாலும் லாரிக்கென்று செய்து படகுக்கு மாற்றிய லேலண்ட் இன்ஜின்கள். சாலையில் ஓடும்போது ரேடியேட்டரில் காற்றுப் பட்டுச் சூடு தணியும். படகின் அடிவயிற்றில் காற்றுக்கு எங்கே போவது? அங்கே கடல்தான் ரேடியேட்டர். இன்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீர். பம்பு இழுக்கும் கடல்தண்ணி கூலரின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி, நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு, படகின் விலாவிலுள்ள குழாய் வழியே வெளியே கொட்டும். நல்ல டிரைவர் அந்தத் தண்ணி விழும் சத்தத்தைக் கேட்டபடியேதான் படகை ஓட்டுவார் என்பார் அப்பா.

மூடியின் திருகுகளைக் கழற்றினால் உள்ளே இம்பெல்லர் இருக்கும். நடுவில் உலோகக் குடம், சுற்றிலும் கறுப்பு ரப்பர் ரெக்கைகள். பம்பின் உள்சுவரில் ஓரிடம் மட்டும் மேடாக இருக்கும். சுற்றிவரும் ரெக்கை அந்த மேட்டில் மடங்கி, தாண்டியதும் விரியும். விரியும்போது தண்ணியை இழுக்கும், மடங்கும்போது வெளியே தள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த ரப்பர் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கும் அதே தண்ணிதான் வேண்டும். தண்ணி வராமல் அரை நிமிடம் சுற்றினாலே ரெக்கை கருக ஆரம்பித்துவிடும்.

"டேய் தம்பி, ரெக்கை நுனியப் பாக்காத. வேரப் பாரு" என்பார் அப்பா. ஒவ்வொன்றாக விரலால் மடக்கிப் பிடித்தால்தான் குடத்தோடு ஒட்டும் இடத்தில் மயிரிழை போல வெடிப்பு தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும் இம்பெல்லரைக்கூட அவர் இரக்கமில்லாமல் ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியவை எங்களுக்கு வண்டிச் சக்கரம் ஆயின.

எங்கள் வடகடல் ஆழம் குறைந்தது, அடியில் சேறும் பாசியும். சொறி என்று நாங்கள் சொல்லும் ஜெல்லிமீன் பெருகும் பருவத்தில் அது வந்து பம்பின் உறிஞ்சுவாயில் அப்பிக்கொள்ளும். அப்படித்தான் ஒருமுறை ஒரு சம்மாட்டியின், அதாவது படகு முதலாளியின், லாஞ்சை இன்னொரு லாஞ்சு கட்டி இழுத்து வந்தது. ராமேசுவரத்திலிருந்து கச்சத்தீவு அப்படியொன்றும் தூரமில்லை. 1974இல் இலங்கையோடு போட்ட எல்லைக்கோடு அதற்கும் இந்தப் பக்கம் ஓடுகிறது. இன்ஜின் நின்ற படகுக்குக் காற்றும் நீரோட்டமும்தான் டிரைவர். அவை எல்லை பார்ப்பதில்லை.

மூடியைத் திறந்தபோது இரண்டு ரெக்கைகளைக் காணோம். புது இம்பெல்லரை மாட்டிவிட்டால் போதும் என்று அவசரப்பட்டார்கள். அப்பா அசையவில்லை. "ரெண்டு துண்டும் கைக்கு வரட்டும், அப்புறம் மாட்டுவோம்" என்று கூலரின் முனைமூடியைக் கழற்ற உட்கார்ந்தார். நான் லைட் பிடித்தேன். ஒரு துண்டு முன்வாயிலேயே இருந்தது. மற்றது உடைந்து சில்லுகளாகக் குழாய்களை அடைத்திருந்தது. கம்பியால் ஒவ்வொரு குழாயாகத் தள்ளி, கிடைத்த சில்லுகளைச் சிமென்ட் தரையில் ஒட்டவைத்து, முழு ரெக்கையின் உருவம் வந்த பிறகுதான் எழுந்தார். வெளியே இருட்டியிருந்தது. அன்று அவர் காட்டிய பொறுமையை வேறு எந்த ஆசிரியரிடமும் நான் கண்டதில்லை.

மாட்டும்போது கிரீஸ் தொடக் கூடாது, அது ரப்பரைக் கெடுக்கும். மருந்துக் கடைக்கு ஓடிக் கிளிசரின் வாங்கி வருவேன். கிடைக்காத நாளில் சோப்புத் தண்ணி. மூடி உள்பக்கம் தேய்ந்து வரி விழுந்திருந்தால் திருப்பிப் போட்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. இரண்டு சீல்களுக்கு நடுவே இருக்கும் அதில் தண்ணி சொட்டினால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சொட்டுகிறதே என்று அதைப் பசை வைத்து அடைத்துக் கொண்டுவந்த படகும் உண்டு. கடல்தண்ணி இன்ஜினுக்குள் இறங்கி, ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தது.

புதுப் பம்பு வாங்கச் சம்மாட்டிகள் துணைக்குக் கூப்பிட்டால் அப்பா விலையைக் கடைசியில்தான் கேட்பார். உடம்பு கன்மெட்டலா, வெறும் பித்தளையா? பித்தளையிலிருந்து உப்புத்தண்ணி துத்தநாகத்தைக் கரைத்துவிடும். சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரியும், பிறகு பொடியும். இம்பெல்லர் கடல்தண்ணிக்கு நியோப்ரீன். நைட்ரைல் டீசல் கலந்த அடித்தண்ணியை இறைக்கும் பம்புக்கு. "பெருசாவே மாட்டிருங்க மெக்கானிக்" என்ற சம்மாட்டியிடம், "வேகமாப் போற தண்ணி கூலர் குழாய அரிச்சுரும் அண்ணே. இன்ஜினுக்கு எவ்வளவு சொல்லிருக்கோ அவ்வளவுதான்" என்றார். மாட்டி முடித்ததும் விலாக்குழாயில் வாளி பிடித்து, அது நிறையும் நேரத்தைச் சுவரில் கரியால் எழுதுவார். அடுத்த ஆண்டு அதே வேகத்தில் இன்ஜினை ஓட்டி, நேரம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இம்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். 61 நாள் மடங்கியே கிடந்த ரெக்கை பிறகு சரியாக நிமிராது. ஜூன் 14 இரவு புதியதை மாட்டுங்கள். கேஸ்கட்டோடு இன்னொன்றை டிரைவரின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து அனுப்புங்கள்.