காசு யாருடையது, பேனா யாருடையது?

தீவிர சிகிச்சைப் பிரிவு ஆராய்ச்சிக்கு மருந்து கம்பெனியிடம் பணம் வாங்கவே கூடாது என்பார்கள் என் நண்பர்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவர்கள் நடத்திய 'செஸ்ட்' ஆய்வையே பாருங்களேன். 7000 நோயாளிகளில் பாதிப்பேருக்கு ஸ்டார்ச் கலந்த திரவம், மீதிப்பேருக்குச் சாதாரண சலைன் ஏற்றினார்கள். அரசுப் பணத்தோடு, ஸ்டார்ச் திரவம் தயாரித்த ஃப்ரெசினியஸ் காபி நிறுவனமும் நிதி கொடுத்தது. 2012இல் முடிவு வந்தது. ஸ்டார்ச்சால் இறப்பு குறையவில்லை. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள்தான் அதிகம்! காரணம் எளிது. திட்டமிடுவது, கணக்குப் போடுவது, எழுதுவது எதிலும் அந்நிறுவனத்துக்குப் பங்கில்லை.

நினைவின்றிப் படுத்திருப்பவரால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க முடியாது. அவருக்காகச் சொல்கிறேன்: காசு வெளியிலிருந்து வரட்டும், பேனா மட்டும் மருத்துவர் கையிலேயே இருக்கட்டும்.