பாட்டிலுக்கு நாடி பார்க்கிற ஊர்!

பிரான்ஸ் தேசத்தில் போர்தோ என்று ஒரு ஊர். கரோன் ஆறு பிறை நிலா மாதிரி வளைகிற இடத்தில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே போய் இறங்கி, 'இந்த ஊர்ல என்ன சார் விசேஷம்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். திருப்பதியில் நின்றுகொண்டு, 'பக்கத்துல ஏதாவது கோயில் இருக்கா?' என்று கேட்ட மாதிரி பார்ப்பார்கள்.

ஒயின். காலையில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், மத்தியானம் விற்கிறார்கள், சாயந்திரம் குடிக்கிறார்கள். (குடி குடியைக் கெடுக்கும் என்று இங்கேயே ஒரு வரி போட்டுவிடுகிறேன். எப்படியும் ஆசிரியர் போடத்தான் போகிறார்.)

ஆற்றங்கரையோரமாக டிராம் போகிறது. பி லைனில் ஏறினால் ஷார்த்ரோன் வரும். ஒரு காலத்தில் ஒயின் வியாபாரிகளின் கோட்டை. நம்ம சௌகார்பேட்டையைக் கழுவி, துடைத்து, பூந்தொட்டி வைத்த மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் 2016-ல் திறந்த ஒயின் மியூசியம். எட்டாவது மாடியில், 35 மீட்டர் உயரத்தில் நின்று ஊரைப் பார்க்கலாம். டிக்கெட்டோடு ஒரு கிளாஸும் உண்டு. அதனாலோ என்னவோ, மாடியில்தான் கூட்டம் அதிகம்.

இந்த ஊர் வியாபார முறையைக் கேட்டால் பி.காம். படித்தவனுக்குப் புல்லரிக்கும். செப்டம்பர், அக்டோபரில் திராட்சை பறிக்கிறார்கள். அடுத்த வசந்த காலத்தில், சரக்கு பீப்பாயில் கிடக்கும்போதே விற்றுவிடுகிறார்கள். பணம் இப்போது, பாட்டில் இன்னும் இரண்டு வருஷம் கழித்து. நம்ம ஊரில் அபார்ட்மென்ட் புக் பண்ணுகிற மாதிரிதான். ஒரே வித்தியாசம், இவர்கள் சரக்கை ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறார்கள்!

வாங்குகிறவர்களில் பாதிப் பேர் குடிக்கிற ஜாதி இல்லை. சேர்க்கிற ஜாதி. ஸ்டாம்ப் சேர்க்கிற மாதிரி பாட்டில் சேர்க்கிறார்கள். இருபது வருஷம் நிலவறையில் வைத்து, விலை ஏறினதும் லண்டனிலோ ஹாங்காங்கிலோ ஏலம் விடுகிறார்கள். 2008-ல் ஹாங்காங் அரசு ஒயினுக்கு இறக்குமதி வரியையே எடுத்துவிட்டது. அதிலிருந்து பாட்டில்கள் படையெடுத்து அங்கே போக ஆரம்பித்தன.

இங்கேதான் சிக்கல். பாட்டிலுக்குள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று திறக்காமல் தெரியாது. திறந்தால் விற்க முடியாது. அப்புறம் எதை நம்பிப் பணம் கொடுப்பது? அந்தப் பாட்டில் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, வழியில் யார் கையில் மாட்டியது என்கிற ஜாதகத்தை நம்பித்தான்.

ஒயினுக்கு மாப்பிள்ளை குணம். 12, 13 டிகிரியில், இருட்டில், ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். 28, 30 டிகிரியைத் தாண்டினால் கோபம் வந்துவிடும். உள்ளே திரவம் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும். ருசி, அடுப்பில் கிளறின ஜாம் மாதிரி ஆகிவிடும். கப்பலின் மேல்தளத்தில் வெயிலில் கிடக்கிற சாதாரண கன்டெய்னருக்குள் 50 டிகிரிகூடப் போகும். ஐயாயிரம் ரூபாய் பாட்டிலானாலும் ஐந்து லட்ச ரூபாய் பாட்டிலானாலும், சூரியனுக்கு விலைப்பட்டியல் தெரியாது.

நகருக்கு வெளியே ஒரு சரக்கு கிடங்கில் நமக்கு ஒரு ஆள் கிடைத்தார். அப்பா காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் வந்துவிட்ட குடும்பம். பெயர் போட வேண்டாம் என்றார். அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். முப்பது வருஷமாக ஒயின் பெட்டிகளைக் கப்பலேற்றுகிறார். ஒரு சொட்டு குடிக்க மாட்டார்.

"தம்பி, பில் ஆஃப் லேடிங் படிச்சிருப்பீங்களே?"

"பரீட்சைக்குப் படிச்சேன்ணே."

"அதுல கப்பல்காரன் என்ன எழுதிக் கொடுக்கிறான்? 'வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில் இருக்கு'ன்னுதானே? ஒயின் வெந்துபோனாலும் வெளிப்பார்வைக்குப் பாட்டில் நல்லாத்தான் இருக்கும். அந்தக் காகிதத்தை வச்சு என்ன பண்றது?"

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி சைஸில் ஒரு சமாச்சாரத்தை எடுத்தார். டேட்டா லாகர். பெட்டிக்குள் பாட்டில்களோடு படுத்துக்கொண்டு, சில நிமிஷத்துக்கு ஒருமுறை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்துக்கொண்டே வருமாம். போய்ச் சேர்ந்த இடத்தில் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ படித்துக்கொள்ளலாம். கன்டெய்னரில் இன்னொரு கருவி. அது ஜி.பி.எஸ். வைத்து எந்த இடம் என்று சொல்லும். கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டதைக் காட்டிக்கொடுக்கும். சிக்னல் கிடைக்கிற இடத்தில் உடனே தகவல் அனுப்பும், நடுக்கடலில் சேர்த்து வைத்துக்கொண்டு துறைமுகத்தில் கொட்டும். நம்ம வீட்டு மாமியார் மாதிரி என்று நான் சொல்லவில்லை, அண்ணன்தான் சொன்னார்.

பிறகு ஒரு கதை சொன்னார்.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ஆசியாவுக்கு ஒரு லோடு. குளிர்சாதன கன்டெய்னர். ஜூலை மாத வெயில். போய்ச் சேர்ந்ததும் வாங்கினவர் இரண்டு பாட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு, 'ஒயின் வெந்துபோச்சு, பணம் தர மாட்டேன்' என்று விட்டார். கப்பல் கம்பெனி, 'எங்க கிட்ட வரும்போதே அப்படித்தான்' என்றது. எல்லா விரலும் ஒரே ஆளை நோக்கித் திரும்பியது. கிடங்கிலிருந்து துறைமுகம் வரை லாரி ஓட்டின டிரைவர்.

"ஏன்ணே அவர் மேல?"

"கம்பெனிக்கு வக்கீல் இருக்கான், இன்ஷூரன்ஸ்காரனுக்கு வக்கீல் இருக்கான். லாரிக்காரனுக்கு யார் தம்பி இருக்கா? இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகிற மனுஷன். வேலை போயிடுமோன்னு ஒரு வாரம் சாப்பிடலே."

அப்போதுதான் யாரோ ஞாபகம் வந்து பெட்டிக்குள் இருந்த லாகரை எடுத்துப் படித்தார்கள். லாரியில் வந்த நேரம் முழுக்க 14 டிகிரி, கோடு போட்ட மாதிரி நேராக. கப்பலிலும் அப்படியே. நடுவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் மாற்றினார்கள் பாருங்கள், அங்கே கிராஃப் கிளம்பியது. முதல் நாள் 20, இரண்டாம் நாள் 27, ஐந்தாம் நாள் 38. விஷயம் வேறொன்றுமில்லை. இறக்கி வைத்த கன்டெய்னருக்கு கரன்ட் ப்ளக்கைச் சொருக மறந்துவிட்டார்கள்!

டிரைவர் தப்பித்தார். அண்ணனின் கதை அதோடு முடியவில்லை.

"அதே ஜி.பி.எஸ்.ல, அவர் வழியில நாற்பது நிமிஷம் வண்டியை நிறுத்தினதும் தெரிஞ்சுபோச்சு. 'எதுக்கு நிறுத்தினே?'ன்னு லெட்டர் கொடுத்துட்டாங்க. மனுஷன் சாப்பிட்டிருக்கார் தம்பி. சாப்பிடறதுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார்."

ஆபீஸில் விரல் ரேகை மெஷினில் கைவைக்கிற நண்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காப்பாற்றுகிற கருவிதான் கண்காணிக்கவும் செய்கிறது. சம்பளம் பிடிக்காமல் விட்டால் சரி.

மறுநாள் பஸ் பிடித்து வடக்கே போனேன். டி-2 என்கிற சின்ன ரோடு. இரண்டு பக்கமும் திராட்சைக் கொடி, நடுநடுவே மாளிகை. மார்கோ, போயாக் என்று வரிசையாக ஊர்கள். 1855-ல் பாரீஸ் கண்காட்சிக்காக இந்த வட்டார ஒயின்களுக்கு ஐந்து படி ரேங்க் போட்டார்கள். மார்க் போட்டது யார் என்கிறீர்கள்? புரோக்கர்கள்! எது என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து ரேங்க் கொடுத்தார்கள். அதில் பெரிய மாற்றம் என்றால் 1973-ல் மூத்தோன் ராத்ஷீல்டுக்குக் கிடைத்த பிரமோஷன்தான். அரசாங்க உத்தியோகத்தில்கூட இதைவிட சீக்கிரம் கிடைக்கும்.

போயாக்கில்தான் லஃபீத் இருக்கிறது. முதல் ரேங்க். இதன் பெயரில் நடந்த கூத்து கொஞ்சமில்லை. 1985-ல் லண்டன் ஏலத்தில் '1787 லஃபீத்' என்று ஒரு பாட்டில் 1,05,000 பவுண்டுக்குப் போனது. அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனுடையது என்று அவர் இனிஷியல் பொறித்திருந்தது. அதே வகைப் பாட்டில்களை வாங்கின பில் கோக் என்கிற கோடீஸ்வரர் பிற்பாடு சந்தேகப்பட்டு ஆள் வைத்து விசாரித்தார். எழுத்து மின்சாரக் கருவியால் பொறித்தது என்று அவருடைய நிபுணர்கள் சொன்னார்கள். ஜெஃபர்சன் காலத்தில் ஏது சாமி கரன்ட்?

அமெரிக்காவில் ரூடி குர்னியவான் என்று ஒரு இளைஞர், வீட்டிலேயே கலந்து, லேபிள் ஒட்டி, பழைய ஒயின் என்று விற்றார். பர்கண்டி தயாரிப்பாளர் லோரான் போன்ஸோவுக்கு, தன் குடும்பம் தயாரிக்க ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷத்து ஒயின் தன் பெயரிலேயே ஏலத்துக்கு வருவது தெரிந்தது. 2008-ல் நியூயார்க்குக்கே போய் ஏலத்தை நிறுத்தினார். 2014-ல் குர்னியவானுக்குப் பத்து வருஷம்.

அதனால்தான் லஃபீத் 2012 முதல் பாட்டில் கழுத்தில் ஒரு முத்திரை ஒட்டுகிறது. அதற்குள் தாறுமாறாகக் குமிழிகள். ஒன்றின் குமிழி இன்னொன்றுக்கு வராது, கைரேகை மாதிரி. நம்பரை இன்டர்நெட்டில் போட்டால் அசல் குமிழியின் படம் வரும், ஒப்பிட்டுக்கொள்ளலாம். வேறு சில கம்பெனிகள் மூடியில் சிப் வைக்கின்றன. செல்போனைக் காட்டினால் பேசும், திறந்தால் சர்க்யூட் அறுந்துவிடும். காலி பாட்டிலில் கண்டதை ஊற்ற முடியாது.

முத்திரை இல்லாத அந்தக் காலத்துப் பாட்டிலுக்கு? மனுஷன் வாக்குதான்.

லஃபீத்தைத் தாண்டி ஒரு ஓடையைக் கடந்தால், திடீரென்று பகோடா கோபுரங்கள். பிரான்ஸில்தான் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும். கோஸ் தெஸ்தூர்னெல் என்கிற இந்த இடத்தை உருவாக்கியவர் லூயி காஸ்பர் தெஸ்தூர்னெல். 'ஸான் எஸ்தெஃப் மகாராஜா' என்று பட்டப்பெயர். இந்தியாவுக்கெல்லாம் ஒயின் ஏற்றுமதி செய்தவர். விற்காமல் திரும்பி வந்த பாட்டில்களைப் பார்த்து மனுஷன் அழவில்லை. கடல் பயணத்தில் ருசி கூடியிருக்கிறது என்று சொல்லி, 'ஆர்' என்று ஒரு எழுத்துப் போட்டார். 'இந்தியா போய் வந்தது' என்று அர்த்தம். அது கௌரவச் சின்னமாகிவிட்டது!

கணக்குப் பார்த்தேன். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியா போய்த் திரும்ப, பூமத்திய ரேகையை நாலு தடவை தாண்டியாக வேண்டும். மாதக்கணக்கில் வெயில், ஆட்டம், உப்புக் காற்று. அந்தப் பெட்டியில் மட்டும் அண்ணனுடைய தீப்பெட்டி இருந்திருந்தால், 'ஆர்' போட்ட லேபிளுக்குப் பதிலாக ஒரு இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் கிடைத்திருக்கும்.

மகாராஜா 1852-ல் கடனுக்காக இடத்தை விற்றார். அடுத்த வருஷம் காலமானார். 1855-ல் ரேங்க் வந்தபோது அவருடைய ஒயினுக்கு இரண்டாம் படி.

பாட்டிலைக் காப்பாற்றத்தான் அன்றைக்கு வழியில்லை. ஆனால் பாருங்கள், கிராஃப் இல்லாததால் ஒரு டிரைவரும் சாப்பிட்டதற்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கவில்லை.