ஆழம் எங்கே உதவும்

ஜுராசிக் பார்க் படத்தில் ஒரு சிறுமி கணினியின் முன்னால் உட்கார்ந்து, திரையில் கட்டடங்கள்போல எழுந்து நிற்கும் கோப்புகளுக்கு மேலே பறந்து போவாள். 1993-ல் பார்த்தவர்கள் அதைச் சினிமாக் கற்பனை என்றே நினைத்தார்கள். உண்மையில் அது சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் உருவாக்கியிருந்த மென்பொருள். டேட்டாபேஸ் வேலையில் இருந்த எங்களுக்கு அதன்பிறகு இருப்புக் கொள்ளவில்லை. எட்கர் காட் 1970-ல் வகுத்துத் தந்த அட்டவணைகளோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். அவற்றுக்குள்ளும் இப்படிப் பறந்து திரியலாமே என்று ஆசை வந்துவிட்டது.

எங்கள் குழுவில் ஒரு கெட்டிக்காரப் பையன் அதைச் செய்தும் காட்டினான். முன்பக்கம் மாதங்கள், உள்நோக்கிக் கிடங்குகள், சரக்கு இருப்புக்குத் தக்க உயரத்தில் தூண்கள். அப்படியொரு அழகு. கணக்குப் பிரிவிலிருந்து வந்த அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, கடைசிக் கிடங்குல ஆகஸ்ட் மாசம் எவ்வளவு இருந்துது?"

"இருங்கம்மா, திருப்பிக் காட்டுறேன்."

திருப்பினான். வேறு தூண்கள் வந்து மறைத்தன. மேலிருந்து காட்டினால் உயரமே தெரியவில்லை. தூரத்துத் தூண் சிறுத்திருந்தது. அது இருப்பு குறைந்ததாலா, தள்ளி நிற்பதாலா என்று சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவின் கையிலேயே அட்டவணையின் அச்சுப்பிரதி இருந்தது. அதை அவர் நீட்டவில்லை. அவனாகவே பார்த்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தார். அந்தக் கனிவை இன்றும் மதிக்கிறேன்.

பிறகுதான், "கிடங்குக்கு ஒரு படமாப் பிரிச்சுக் குடேன்" என்றார். ஒரே அளவுகோலில் தட்டையான சின்னச் சின்னப் பட்டைப் படங்கள் வரிசையாக வந்தன. கேள்விக்கு விடை பார்த்த மாத்திரத்தில் கிடைத்தது. இதன் காரணத்தைக் கிளீவ்லாந்து, மெக்கில் என்ற ஆய்வாளர்கள் 1984-லேயே எழுதியிருந்தார்கள். ஒரே அளவுகோலின்மேல் வைத்த புள்ளிகளைத்தான் கண் மிகச் சரியாக ஒப்பிடும். நீளம், கோணம், பரப்பு என்று போகப்போகத் தடுமாறும். கன அளவு வந்தால் இன்னும் மோசம்.

அதற்காக முப்பரிமாணத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. எண்ணைப் படிப்பது ஒரு வேலை. எந்த அட்டவணை எதோடு கோத்திருக்கிறது என்று தொடர்ந்து போவது வேறு வேலை. அந்தத் தொடர்புகளைக் கோடுகளால் காட்டும், பீட்டர் சென் 1976-ல் தந்த ஈ.ஆர். வரைபடம், பத்திருபது அட்டவணைகளுக்கு அருமையானது. நூற்றுக்கணக்கில் போனால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சிக்கலாகிவிடும். காலின் வேரும் கிளென் ஃபிராங்கும் 1996-ல் சோதித்துக் காட்டியது இங்கேதான் பொருந்துகிறது. இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம், தலை அசைய அசையக் காட்சியும் நகரும் வசதி, இரண்டும் சேர்ந்தபோது தட்டைப் படத்தைவிட ஏறக்குறைய 3 மடங்கு பெரிய வலைப்பின்னலை மனிதர்களால் பின்தொடர முடிந்தது. அசையாமல் காகிதத்தில் அச்சடித்த முப்பரிமாணத்துக்கு அந்தப் பலன் இல்லை.

இன்று அந்த இரண்டு வசதியும் சேர்ந்த கண்ணாடிகள் கடையிலேயே கிடைக்கின்றன. பெரிய வங்கி, பெரிய மருத்துவமனை என்று பழைய அமைப்புகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அட்டவணைகளின் தொடர்புகளை அதில் சுற்றிப் பார்த்துப் பழகலாம். இருப்பு எவ்வளவு என்று கேட்பவரிடம் மட்டும் தட்டைப் படத்தையே கொடுங்கள்.