தையலுக்கு முன் ஓர் ஊசி

திங்கள்

பாகாலா ஜங்ஷன். திருப்பதி ரயிலுக்கு அம்மாவை பெஞ்சில் சாய்த்து வைத்திருந்தேன். இடுப்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்த, இடது கால் கணுக்கால் வரை இழுக்கிறது. சந்திரகிரி தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் வந்து போனார். நாளை அறுவை முடிந்து தையல் போடுமுன், வெட்டிய இடத்தைச் சுற்றித் தசையிலேயே மத்து மந்து, அதாவது மரத்துப்போக வைக்கும் மருந்து, ஏற்றுவார்களாம். "முதுகுல மத்துப் போட்டுத் தயிர் கடைவாங்க போலிருக்கு" என்றாள் அம்மா. நாற்பது வருஷமாகத் தெலுங்கு பேசுகிறவள். தெரிந்தே செய்த குறும்பு.

மருந்தின் பெயர் பூபிவகெய்ன். 0.25 சதவீதத்தில் 20 மில்லி, அதாவது 50 மில்லிகிராம். டாக்டர் அம்மாவின் எடையை இரண்டு தடவை கேட்டார். அளவு மீறி ரத்தத்தில் கலந்தால் இதயத்தைத் தாக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் சிரிஞ்சை லேசாகப் பின்னிழுத்து, ரத்தம் வரவில்லை என்று பார்த்துவிட்டே அழுத்துவார்களாம்.

யோசனை பழையது. 1892இல் பெர்லின் அறுவை மருத்துவர் மாநாட்டில், நீர்த்த கொக்கெய்னைச் சதையில் ஏற்றியே அறுக்கலாம் என்று ஷ்லைஹ் என்ற மருத்துவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

புதன்

நாலு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். கால்விரலை அசைக்கச் சொன்னார்கள், அசைத்தாள். மருந்து காயத்தோடு நின்றுவிடுவதால் காலுக்குப் போகும் நரம்புகள் விழித்தே இருக்கின்றன. இந்தப் பரிசோதனைக்கு அதுதான் வேண்டும்.

ஆறு மணிக்கு நர்ஸ், "நொப்பி எந்த உந்தி அம்மா?" வலி பத்துக்கு எவ்வளவு? அம்மா "ரெண்டு" என்றாள். காபி கேட்டாள். நான் ஏமாந்தேன், வலி தீர்ந்ததென்று நினைத்தேன். நரம்பின் சோடியம் வாசலை மருந்து அடைத்திருந்தது, அவ்வளவுதான். நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாசல் திறந்துவிடும்.

பத்தரைக்குத் திறந்தது. எட்டு மணிக்குத் தரவேண்டிய பாரசிட்டமால், ட்யூட்டி மாறியதில் நழுவிப் பதினொன்றுக்கு வந்தது. அதற்குள் அம்மா சொன்ன எண் எட்டு. ஊசி ஓய்வதற்கு முன்பே மாத்திரை வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். 20 மில்லி வாங்கிக் கொடுத்த நிம்மதியை ஒரு மாத்திரை கோட்டைவிட்டது. நானும்தான் கேட்காமல் இருந்துவிட்டேன்.

வியாழன்

வாக்கரைப் பிடித்து பாத்ரூம் வரை நடந்தாள். "முதுகுதான்டா வலிக்குது, காலு வலி போன எடம் தெரியல." மாத்திரை நேரங்களை ஸ்கேன் கவரின் பின்னால் எழுதினேன்: 8, 2, 8, 2. மத்தியானம் அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

"டேய், மணி ஒண்ணே முக்கால்."