விடுபட்ட ஒரு பூஜ்யம்

புரோநோட்டில் இருப்பது தன் கையெழுத்துதான் என்று என் கட்சிக்காரரான அந்த அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். மறைத்துப் பேசத் தெரியாதவர். பாளையங்கோட்டையில் சின்ன மளிகைக் கடை. கணவர் போன பிறகு சரக்கு போடுவதற்காக 2,50,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். மாதம் 10,000 வீதம் 27 மாதம், கொடுத்தவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி வட்டியோடு தீர்த்தும்விட்டார். நோட்டை மட்டும் திரும்ப வாங்கவில்லை. மூன்றாண்டுக் காலவரம்பு முடியும் தறுவாயில் அந்த நோட்டோடு கோர்ட்டுக்குப் போய்விட்டார் கடன் கொடுத்தவர்.

கையெழுத்தை ஒப்புக்கொண்டால், பணம் கைமாறியதாகவே கோர்ட் அனுமானிக்கும். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118ஆம் பிரிவு அப்படி. திருப்பிக் கொடுத்ததை நிரூபிக்க வேண்டியது பிரதிவாதிதான். எங்கள் கையில் இருந்ததெல்லாம் வங்கி மின்னஞ்சலில் அனுப்பியிருந்த கணக்கு அறிக்கை, 94 பக்க பிடிஎஃப்.

பிடிஎஃப்புக்கு இரண்டு பூட்டு போடலாம். ஒன்று திறப்பதற்கு, அந்தப் பாஸ்வேர்டு அந்த அம்மாவிடம் இருந்தது. மற்றொன்று உருவாக்கியவர் போடுவது. கோப்பைத் திறந்தவர் அதை அச்சிடலாமா, பக்கம் பிரிக்கலாமா, திருத்தலாமா என்று அது தீர்மானிக்கும். இந்த வங்கி அச்சிட மட்டும் அனுமதித்திருந்தது. வங்கியின் டிஜிட்டல் கையொப்பமும் கோப்பில் இருந்தது.

எங்களுக்கு வேண்டியது தவணை போன 27 பக்கங்கள்தான். என் ஜூனியர் அந்தப் பக்க எண்களை மட்டும் கொடுத்து, பிரிண்டருக்கு அனுப்பாமல் பிடிஎஃப்பாகவே அச்சிட்டுச் சேமித்தார். எல்லா அலுவலகத்திலும் செய்வதுதான். ஆனால் அப்படி வந்த கோப்பில் பூட்டும் இல்லை, கையொப்பமும் இல்லை. அது வங்கி அனுப்பிய கோப்பே அல்ல. எங்கள் மேசையில் பிறந்த வேறொன்று. அன்று அதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அன்றைய சாட்சியச் சட்டம் 65பி பிரிவுச் சான்று இல்லாமல் இத்தகைய அச்சுப் பிரதியை ஏற்க முடியாது என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. சான்றை நான் தயாரித்தேன். கணக்கு அவருடையது என்பதால் கையெழுத்துப் போட்டவர் அந்த அம்மா. "நீங்க சொன்னாச் சரிதான் வக்கீலய்யா" என்று, படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார்.

2021இல் குறுக்கு விசாரணை. எங்கள் அச்சுப் பிரதி பி.சா.ஆ.2 (பிரதிவாதி தரப்புச் சான்றாவணம் 2) என்று குறியீடு செய்யப்பட்டிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதில் ஒரு பக்கத்தைக் காட்டி எண்ணைப் படிக்கச் சொன்னார். 1,000 என்று படித்தார் அந்த அம்மா. அதற்கு முந்தைய மீதி 41,350. பிந்தைய மீதி 31,350.

"1,000 போனால் 40,350 அல்லவா இருக்க வேண்டும்? உண்மை நகல் என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?"

அவர் கூண்டிலிருந்து என்னைப் பார்த்தார். "நான் தொடக்கூட இல்லியே, அய்யா." அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிழை எங்களுக்குப் பாதகமான பிழை. 9,000 ரூபாயைக் குறைத்துக் காட்ட எந்தப் பிரதிவாதியும் திருத்த மாட்டார். ஆனால் ஒரு வரியில் கை பட்டது என்றாகிவிட்டால் மீதி 26 வரிகளை யார் நம்புவார்கள்?

அன்று இரவே அலுவலகக் கணினியைத் திறந்தோம். ஜூனியர் தவணை வரிகளை மஞ்சளில் குறிக்க நினைத்து, ஓரிடத்தில் திருத்தும் கருவியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஒரு பூஜ்யம் அழிந்தது தெரியாமலே சேமித்து மூடிவிட்டார். கோப்பை மூடியபின் கன்ட்ரோல் இசட் எதையும் மீட்டுத் தராது.

கோப்பு அப்படியே இருக்கட்டும், நகலில் பார்ப்போம் என்றார் எனக்குத் தெரிந்த ஒரு கணினி ஆசிரியர். பிடிஎஃப்பில் சாதாரணமாக 'சேவ்' கொடுத்தால் பல மென்பொருள்கள் பழையதை அழிப்பதில்லை. மாறியதை மட்டும் கோப்பின் வாலில் ஒட்டி, அங்கே ஒரு முடிவுக் குறி இடும். 'சேவ் ஆஸ்' கொடுத்திருந்தால் முழுவதையும் புதிதாக எழுதிவிடும், பழைய தடம் மிஞ்சாது. எங்கள் கோப்பில் ஐந்து முடிவுக் குறிகள் இருந்தன. நகலை மூன்றாவது குறியோடு வெட்டித் திறந்தார். அந்த வரியில் 10,000 இருந்தது. நான்காவதோடு வெட்டிய நகலில் 1,000. மின்னஞ்சலில் யாரும் தொடாமல் கிடந்த 94 பக்க மூலத்திலும் 10,000தான். வங்கியின் கையொப்பமும் சேதமில்லாமல் இருந்தது.

மூலத்தை மட்டும் காட்டி, பழையது அச்சுப்பிழை என்று மெமோ போட்டால் போதும் என்றார் நண்பர் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. கூண்டில் பொய்க்காரராக நின்றவர் அந்த அம்மா. தவறு நடந்தது என் அலுவலகத்தில். நடந்ததை நடந்தபடி ஜூனியர் பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்தார். சாட்சியாக வேண்டியவர் அதே வழக்கில் வக்கீலாக நிற்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் வக்காலத்திலிருந்து விலகினார். இளைஞருக்கு அது எளிதான காரியமில்லை. இன்றும் அவரை நான் மதிப்பது அதற்காக.

சாட்சியை மீண்டும் அழைக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 18 விதி 17இன் கீழ் மனு, கூடுதல் ஆவணம் தாக்கல் செய்ய இன்னொரு மனு. இம்முறை பிடிஎஃப்பை நம்பவில்லை. வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம் 1891இலிருந்தே இருக்கிறது. கணினி அச்சுக்கு யார் யார் சான்று தர வேண்டும் என்பதை அதன் 2ஏ பிரிவு சொல்கிறது. கிளை மேலாளரிடம் விண்ணப்பித்துச் சான்றிட்ட பிரதி வாங்கினோம். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம் அதுதான். எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கொடுக்கும் நிபந்தனையோடு மனுக்கள் அனுமதிக்கப்பட்டன. அதை நான் கட்டினேன்.

அந்த அம்மா மறுபடி கூண்டில் ஏறினார். 27 வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொரு மீதியும் ஒத்துப்போனது. வழக்கு தள்ளுபடியானது.

தீர்ப்பு நகல் வாங்க வந்த அன்று ஒன்று கேட்டார். "அந்தத் தப்பான தாளை மட்டும் கோர்ட்டுலேருந்து எடுத்துரலாமா அய்யா? எம்பேரு அதுல இருக்குல்லா?"

குறியீடு செய்த ஆவணத்தைக் கட்டிலிருந்து உருவ முடியாதம்மா என்று சொன்னேன். பி.சா.ஆ.2 அங்கேதான் இருக்கிறது, அவர் கையெழுத்தோடு. அதற்கடுத்து ஜூனியரின் வாக்குமூலமும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டி அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.